ஆவியாக இறக்கிய கல்யாணம்

2 ஜூலை 2007, திங்கள்

காலையிலிருந்து மழை. புதுக்கடை சந்திப்பில் மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று உலகத்தில் சுற்றுகிற எதையும் பழுது பார்க்கிற என் மாபெரும் ஸ்தாபனத்துக்கு இன்று வந்த ஒரே வாடிக்கையாளர் அஜிஷா. என் அக்கா ராகேலின் ஒரே மகள். விசா வந்துவிட்டதாம். முப்பதாம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறாள். மாப்பிள்ளை சிஜின் ஒரு வருஷமாக மஸ்கட்டில் தனியாகக் குபூஸ் ரொட்டி தின்கிறான்.

"மாமா, எனக்க கல்யாண வீடியோ?"

"ரெடி மக்கா."

"கிறிஸ்மசுக்கும் ரெடின்னுதான் சொன்னிய."

வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் இந்த நோட்டைத் தோண்டி எடுக்கும்போது குழம்பக்கூடாது. எனவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அரபு நாட்டில், தமாமில், எட்டு வருஷம் வெயிலில் வெந்து நான் கொண்டுவந்த சொத்து ஒரு ஹேண்டிகேம். போன வருஷம் மே பதினெட்டு, அஜிஷாவின் கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரன் வேண்டாம், தாய்மாமன் நானே எடுப்பேன் என்று பிரகடனம் செய்தேன். எடுத்தேன். மூன்று கேசட், மூன்று மணி நேரம்.

அஜிஷாவுக்கு அப்பா இல்லை. அத்தான் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆலய வாசலிலிருந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டியவன் நான். கடைசி நிமிஷத்தில் அந்தக் கையை அவள் சித்தப்பா குமாரதாஸிடம் கொடுத்துவிட்டு, முன்னால் நின்று படம் பிடித்தபடி பின்னோக்கி நடந்தேன். வாசலிலிருந்து பீடம் வரை அறுபது அடி. ஒரு பெஞ்சில்கூட முட்டவில்லை. தேவதூதர்களுக்கும் இறக்கை இருந்தால்தான் இது சாத்தியம்.

அன்று சாயங்காலமே அக்கா சொல்லிவிட்டாள். "எனக்க பிள்ளைக்க கல்யாணத்துக்கு ஒரு கேமரா வந்துது. தாய்மாமன் வரல்ல."

அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. பதினான்கு மாதமாக என் படி மிதிக்கவில்லை. ரேஷன் கடையில் எதிரே பட்டால் என்னிடம் சொல்ல வேண்டியதை மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்துச் சொல்வாள்.

சரி, அந்தக் கேசட்டை ஒருநாள் டிவியில் போட்டுக் காட்டியிருக்கலாமே என்று சரித்திர ஆசிரியர் கேட்பார். போட்டேன். ஒரே ஒருதடவை, வீட்டில் யாரும் இல்லாதபோது. பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதில் ஓடுகிற சத்தம் ஊர் கேட்கிற சத்தம் இல்லை. அவ்வளவுதான் எழுதுவேன்.

ஆனால் முப்பதாம் தேதி அந்தப் பிள்ளை படம் இல்லாமல் விமானம் ஏறினால் அக்கா என் அடக்க ஆராதனைக்கும் வரமாட்டாள். வந்தாலும் மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்துத்தான் அழுவாள்.

3 ஜூலை, செவ்வாய்

கேமராவை வெளியே எடுத்தேன். ஒரு பழைய கேசட்டைப் போட்டதும் ஓடியது. பத்தாவது நிமிஷத்தில் எல்லார் முகமும் சதுரம் சதுரமாக உடைந்து, ஊரே தரை ஓடு பதித்த மாதிரி ஆகிவிட்டது.

கருங்கல் சந்தைக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஜான்ரோஸிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தான்.

"தலை தேஞ்சு போச்சு அண்ணே."

கேமராவுக்குள் தலை என்று ஒன்று இருக்கிறதாம். வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி குளோரி, "அதுக்குமா?" என்றாள்.

ஜான்ரோஸ் துடைத்துக் கொடுத்தான். "இனி ஒவ்வொரு கேசட்டும் ஒரு தடவ ஓடுனா பாக்கியம். அந்த ஒரே ஓட்டத்துல கம்ப்யூட்டருக்குள்ள இறக்கிரணும். எந்த ஃபார்மட்டுல இறக்கணும்னு மொதல்லயே தீருமானிச்சிருங்க. பொறவு மாத்த முடியாது, கேட்டியளா?"

ஒரே வாய்ப்பு. பின்னால் மாற்ற முடியாது. இதற்கு நம் ஊரில் கல்யாணம் என்று பெயர்.

5 ஜூலை, வியாழன்

ஆகவே என் கேசட்டுக்கு முறைப்படி மாப்பிள்ளை பார்த்தேன். ஜான்ரோஸ் தரகர். நான் பெண் வீட்டுக்காரன். சாயா வந்தது.

முதல் வரன் எம்பெக் ஒன்று என்கிற ஃபார்மட். குள்ளம். கண் பார்வை மங்கல். ஆனால் யாரோடும் ஒத்துப்போவான், எந்த விசிடி பிளேயரிலும் ஓடுவான், ஒரு மணி நேரக் கல்யாணத்தை ஒரே சிடிக்குள் மடக்கி உட்கார்ந்துகொள்வான். அடுத்தவன் எம்பெக் இரண்டு. டிவிடி குடும்பம். சர்க்கார் உத்தியோகஸ்தன் மாதிரி. அழகனும் இல்லை, குறை சொல்லவும் முடியாது. மூன்றாமவன் டபிள்யூஎம்வி. நல்ல பையன், ஆனால் தன் சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே தங்கமாட்டான்.

கடைசியாக ஜான்ரோஸ் திரையில் ஒரு பெயரைக் காட்டினான். ஏ, வி, ஐ. கூட்டிப் படித்தேன். அவி. அவியலா? இல்லை, ஆவி.

"ஏவிஐன்னு சொல்லணும் அண்ணே."

"எனக்கு ஆவிதான்."

கேமரா எடுத்ததை ஒரு மயிரிழை குறைக்காமல் அப்படியே இறக்குவானாம். ஆனால் ராட்சச உடம்பு. ஒரு மணி நேரத்துக்குப் பதிமூன்று ஜிபி. மூன்று கேசட்டுக்கு முப்பத்தொன்பது. என் கம்ப்யூட்டரில் மொத்த இடமே நாற்பது; அதில் முப்பதைப் பாட்டுகள் குடியேறி ஆக்கிரமித்திருக்கின்றன. அரண்மனை கட்டிவிட்டுத்தான் இந்த மாப்பிள்ளையைக் கூப்பிட முடியும்.

"எம்பெக்குல நேரடியா இறக்கிரலாம் அண்ணே. கல்யாண வீடியோதானே," என்றான் ஜான்ரோஸ்.

கல்யாண வீடியோதானேயா? இவனுக்குப் பெண் கொடுத்தவனைச் சொல்ல வேண்டும்.

8 ஜூலை, ஞாயிறு

பிரசங்கம் நோவாவின் பேழை பற்றி. இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் உயரம் என்று போதகர் வாசித்தார். எத்தனை ஜிபி என்று மனசு கேட்டது. கர்த்தர் மன்னிப்பாராக.

11 ஜூலை, புதன்

விஞ்ஞானப் பரிசோதனை நடந்தது. கல்யாண கேசட்டைத் தொடவில்லை. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்குப் போனபோது குளோரியின் காலில் அட்டை ஏறிய வரலாற்று நிகழ்ச்சி ஒரு கேசட்டில் இருக்கிறது. அதை முதலில் எம்பெக் ஒன்றிலும் பிறகு ஆவியிலும் இறக்கிப் பார்த்தோம்.

எம்பெக்கில் அட்டையே இல்லை. குளோரி காரணமில்லாமல் ஆடுகிறாள். ஆவியில் அட்டை தெரிகிறது. அதன் முகபாவமும் தெரிகிறது.

"நான் அலறுனத வச்சா ரெண்டு ஆம்பிளைங்க பரிசோதனை செய்யது?" என்று குளோரி கேட்டாள். விஞ்ஞானம் தியாகம் கேட்கும் என்றேன். ராத்திரிச் சோற்றில் மீன் இல்லை.

ஒரு தொல்லை. பத்தொன்பதாவது நிமிஷத்தில் ஆவி தானாக நின்றுவிட்டது. என் ஹார்டு டிஸ்க் பழைய முறையில் வகுத்ததாம், ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல் வளராதாம். ஜான்ரோஸ் தன்னுடைய எண்பது ஜிபி டிஸ்க்கைப் புதுமுறையில் வகுத்து வந்து மாட்டித் தருகிறேன் என்றான். இரவல். நல்ல பையன். அவனுக்குப் பெண் கொடுத்தவனைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

16 ஜூலை, திங்கள்

தீர்ப்பு. மூன்று கேசட்டும் ஆவியாகவே இறங்கும். பிறகு அந்த ஆவியிலிருந்து ஆற அமர எம்பெக் இரண்டாக மாற்றி டிவிடி அடிக்கலாம். மூலம் பத்திரமாக இருந்தால் நகல் எத்தனையும் எடுக்கலாம். அஜிஷா கடைக்கு வந்து, "எதாவது ஒண்ணுல தாங்க மாமா, போதும்," என்றாள். போதுமா? அட்டைக்கே ஆவி. இவளுக்கு எம்பெக்கா?

அவள் போனபின் ஜான்ரோஸிடம் தனியாக ஒன்று சொன்னேன். "டிவிடி அடிக்கும்போ சத்தத்த முழுசா எடுத்திரு. கீர்த்தனை போட்டா போதும்."

"ஏன் அண்ணே? ஆர்கன் சத்தமெல்லாம் கொள்ளாமே, நல்லாத்தானே இருக்கு?"

"காத்து அடிக்குது."

ஆலயத்துக்குள் ஏது காற்று என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

20 ஜூலை, வெள்ளி

டிஸ்க் மாட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் இறக்கம். அன்றைக்குத்தான் கரண்டு அதிகம் போகாது. கொல்லையில் நின்று ஜான்ரோஸுக்குப் போன் செய்தேன். உள்ளே சிக்னல் கிடைக்காது, வெளியே மழை இரைச்சல். பீரங்கி மாதிரி கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஞாயிறாச்ச ஆவி இறக்குகேன் மக்கா. இல்ல, பயம் ஒண்ணும் இல்ல. மூணையும் ஒரே இருப்புல இறக்கிரணும். இடையில யாரும் தொடப்பிடாது, தொட்டா போச்சு. ரூமு இருட்டாத்தான் இருக்கணும்."

மதிலுக்கு அப்பால் செல்லபாய் தாழ்வாரக் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் சபை ஜெபக்குழுவின் தலைவி. தோத்திரம் சொன்னேன். பதில் தோத்திரம் வரவில்லை. என்னைப் பார்த்தபடி கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்தாள். பல்வலி போல.

22 ஜூலை, ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. வரிசையாக எழுத வேண்டும்.

இரண்டு மணிக்கு முதல் கேசட்டைப் போட்டேன். மானிட்டரில் வெளிச்சம் விழாமல் இருக்க ஜன்னலை அடைத்து, குளோரியின் கறுப்புக் குடையை விரித்து மேலே கட்டியிருந்தேன். கொசுவத்தி புகைந்தது. கேசட் ஒழுங்காக ஓடுகிறதா என்று காதாலும் காவல் காக்க, ஸ்பீக்கரை மெல்ல வைத்திருந்தேன். சட்டை இல்லை. துண்டு மட்டும். ஒரு மகாயாகத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தது.

இரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. செல்லபாய். கையில் வேதாகமம். பின்னால் ஜெபக்குழுப் பெண்கள் நாலு பேர். அவர்களுக்கும் பின்னால், வாசல்படிக்கு வெளியே, முந்தானையைக் கடித்தபடி ராகேல் அக்கா.

செல்லபாய் குடையைப் பார்த்தாள். புகையைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள்.

"ஜெயசிங்கு. ஆவி இப்போ எங்க நிக்குது?"

கேள்வியில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. இவளுக்குக்கூட கம்ப்யூட்டர் ஞானம் வந்துவிட்டதே என்று சந்தோஷம்தான். "முக்காவாசி இறங்கியாச்சு. எல்லாம் முடிய இன்னும் ரெண்டேகால் மணிக்கூர் ஆவும்."

"மொத்தம் எத்தனை?"

"மூணு."

"பேரு என்னன்னு கேட்டியா?"

"நான்தான் பேரு வச்சேன். அஜிஷா ஒண்ணு, அஜிஷா ரெண்டு, அஜிஷா மூணு."

அவ்வளவுதான். பதினான்கு மாதமாகத் தாண்டாத படியை அக்கா ஒரே தாவலில் தாண்டினாள். "எலே பாவி, எனக்க பிள்ளைக்க பேர எதுக்குலே ஆவிக்கிட்ட குடுத்த?"

நாலு பெண்களும் ஒரே குரலில் ஜெபத்தைத் தொடங்கினார்கள். செல்லபாய் என் தலையில் கை வைத்து அமுக்கினாள். நான் இரண்டு கையாலும் கேமராவை அணைத்துக்கொண்டேன். தொட்டுவிட்டால் போச்சே.

"ஜெபம் பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லல்ல. மெதுவா பண்ணுங்க. வயரை மட்டும் மிதிச்சிராதீங்க," என்றேன்.

"வயரு வழியாத்தான் வருதா?" என்றாள் செல்லபாய்.

"வயரு வழியாத்தான் வருது."

அடுக்களையிலிருந்து குளோரி ஓடிவந்து, விஷயம் புரிந்து, கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து ஜெபம் இன்னும் உரத்தது. ஆவி அவளையும் பிடித்துவிட்டதாம்.

அப்போது திரையில் ஆலயத்தின் கதவு திறந்தது. வெள்ளைச் சேலையில் அஜிஷா.

ஒவ்வொரு வாயாக ஜெபம் நின்றது. ஆர்கன் வாசிக்கிறது. பிள்ளை வருகிறாள். குமாரதாஸ் கையைப் பிடித்திருக்கிறான். முகத்திரையின் பூவேலை ஒவ்வொரு கண்ணியாகத் தெரிகிறது. ஆவி என்றால் ஆவிதான்.

ஆர்கனுக்கு மேலே இன்னொரு சத்தம். கேமராவுக்கு இரண்டு அங்குலத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். நான் ஸ்பீக்கரை எட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

சன்னக் குரல். என்னுடையது.

"அத்தான், பாருங்க. உங்களுக்க பிள்ள வாறா. நல்லா பாத்துக்கிடுங்க, நான் பின்னால போயிட்டே இருக்கேன், நிங்க முகத்தப் பாருங்க. அக்கா முன்னால பெஞ்சுல இருக்கா. அந்தப் பச்சைச் சேலை நிங்க எடுத்துக் குடுத்ததுதான். பைய வா மக்கா, பைய. அப்பா பாக்கிறாரு."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அழுகைதான். படம் கொஞ்சம் ஆடுகிறது. கேவல். திருமாங்கல்யம் கட்டும்வரை அதேதான். இப்படி ஒரு சத்தம் வயது நாற்பத்தெட்டு ஆன ஒரு மனுஷனிடமிருந்து வந்தது என்பதை ஊருக்குத் தெரியாமல் வைக்கத்தான் ஒரு வருஷம் பூட்டி வைத்தேன். இப்போது குளோரியோடு சேர்த்து ஏழு பெண்கள் கேட்டுவிட்டார்கள்.

எழுதிவிடுகிறேன், இனி என்ன. கையைப் பிடித்துக் கூட்டிப்போக என்னால் முடியாது என்று வாசலில் நின்றபோதே தெரிந்தது. பாதி வழியில் உட்கார்ந்து அழுதிருப்பேன். கண்ணுக்கு முன்னால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கேமரா இருந்தது.

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "மூணு கேசட்டும் அவருகிட்டயா பேசிட்டிருந்த?"

"ஆமா."

"அப்போ நான் கேட்டது தப்பு இல்லையே," என்றாள் செல்லபாய். "ஆவி சமாச்சாரம்தானே."

யாரும் எழுந்து போகவில்லை. நடுவில் நிறுத்த முடியாது என்று சொன்னேன், அதையே சாக்காக வைத்து எல்லாரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். குளோரி கட்டன்சாயா போட்டாள். இரண்டாவது கேசட் இறங்கியது. மூன்றாவது தொடங்கியபோதுதான் எனக்கு நினைவு வந்தது. அது பந்தி. அதில் நான் அத்தானுக்கு எல்லாரையும் விளக்கியிருக்கிறேன். செல்லபாய் திரைக்கு ஒரு முழத்தில் இருக்கிறாள். நிறுத்தவும் முடியாது.

"செல்லபாய்க்கு வீட்டுல ஒண்ணும் வேலை இல்லியா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"இல்ல."

ஸ்பீக்கரை மறுபடி எட்டினேன். மறுபடி மணிக்கட்டு.

வந்தது. பளிங்கு மாதிரி, ஒரு எழுத்துத் தேயாமல்: "அத்தான், அந்தா செல்லபாய். போளி ரெண்டு கழிஞ்சு நாலாவது தம்ளர் பாயசம். ஊழியத்துக்குப் பெலன் வேணும்லா."

செல்லபாய் மெல்லத் திரும்பினாள்.

"அஞ்சாவது," என்றாள். "நீ ஒண்ணை விட்டுட்ட."

முதலில் சிரித்தது அக்கா. பதினான்கு மாதம் அணைகட்டித் தேக்கியது மாதிரி சிரித்தாள். பேச்சிப்பாறை அணையே திறந்துவிட்டது. சாயாவெல்லாம் கொட்டிவிட்டது. வயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசி மூன்று நிமிஷம், மாப்பிள்ளை வீட்டுக் கார் கிளம்பும் இடத்தில், படம் சதுரமாக உடைந்து நின்றது. கேமரா அதன்பிறகு அசையவில்லை. தன் வேலை முடிந்தது என்று போய்விட்டது. முப்பத்தெட்டு ஜிபியும் சொச்சமும் பத்திரம்.

படியிறங்கும்போது அக்கா என்னைப் பார்த்து, டின்னைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துச் சொன்னாள். "அந்த ஜான்ரோஸ்கிட்ட சத்தத்த எடுக்கச் சொல்லியிருக்கியாமே. அவன் உளறுனத குளோரி சொன்னா. எடுத்த, கைய ஒடிச்சிருவேன்."

23 ஜூலை, திங்கள்

காலையில் வாசலில் ஒரு தூக்குவாளி. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். அக்கா வீட்டு வாளி. கீர்த்தனை வேண்டாம் என்று ஜான்ரோஸுக்குப் போன் செய்தேன். இந்த முறை கடைக்குள் நின்று, ஏவிஐ என்று சொன்னேன்.

30 ஜூலை, திங்கள்

அஜிஷா போய்விட்டாள். மூன்று டிவிடியும் கைப்பையில், துணிகளுக்கு நடுவே. முந்தாநாள் சத்தத்தோடு முழுவதும் பார்த்தாளாம். உள்ளே போகுமுன் கையை நீட்டினாள். விமான நிலைய வாசலிலிருந்து கண்ணாடிக் கதவு வரை பத்தடி இருக்கும். பிடித்துக்கொண்டு நடந்தேன். அதற்குமேல் டிக்கெட் இல்லாதவனை விடமாட்டார்கள்.

திரும்பி வரும்போது வேனில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பதினான்கு மாதப் பாக்கி. களியக்காவிளை தாண்டும்போது பாதிதான் முடிந்திருந்தது. என் காதில் இருந்த நாற்பது ஜிபியும் நிறைந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

10 மே 2009, ஞாயிறு

அஜிஷாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பெயர் லிஜா. நாலு மாதம். அவர்கள் மஸ்கட்டிலிருந்து எனக்கு ஒரு புதுக் கேமரா கொண்டுவந்திருந்தார்கள், கேசட்டே இல்லாதது, உள்ளங்கையில் அடங்குவது. ஆலய வாசலில் நின்று அதைத் திறந்துகொண்டிருந்தேன். அக்கா வந்து கையிலிருந்து வாங்கினாள். குமாரதாஸிடம் கொடுத்தாள். பிறகு அஜிஷாவிடமிருந்து பிள்ளையை வாங்கி என் கையில் வைத்தாள்.

"இனி நட," என்றாள்.

நடந்தேன். அதே அறுபது அடி, இந்த முறை முன்னோக்கி. இரண்டாவது பெஞ்சில் முட்டினேன். செல்லபாய் நகர்ந்து வழி விட்டாள். பிள்ளை என் மூக்கைப் பார்த்துக்கொண்டே வந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் அழுதேன்.

குமாரதாஸ் முன்னால் பின்னோக்கி நடந்தபடி படம் எடுத்தானாம். எந்த ஃபார்மட் என்று ஜான்ரோஸ் மத்தியானம் கேட்டான். எனக்குத் தெரியாது. பிள்ளை கனம். இரண்டு கையும் வேண்டியிருந்தது.